நாகர்கோவில்ல இருந்து ராக் பேண்ட் பாக்க ரயில் ஏறுறது பைத்தியக்காரத்தனமா? லைவ்ல பாத்தவங்க வாங்க

தக்கலைக்காரன்:
மக்களே ஒரு பஞ்சாயத்து தீத்து வைங்க. 2025 மே 17 மும்பை மகாலட்சுமி ரேஸ்கோர்ஸ்ல கன்ஸ் அண்ட் ரோஸஸ் பாத்துட்டு வந்தேன். நாகர்கோவில்ல இருந்து ரயில்ல, அதும் மே மாச வெக்கைல, ஸ்லீப்பர்ல. வீட்ல எல்லாரும் கிறுக்கன்னு சொல்லியாச்சு, அது பழகிட்டு. ஆனா எனக்க அக்கா மவன் காலேஜ்ல படிக்கான், அவன் சொன்னதுதான் குத்திச்சு. "மாமா, அதுல பாடுற ஆக்ஸல் ரோஸுக்கு 63 வயசாச்சு, மேல போகையில குரலே எட்டல, நான் யூடியூப்ல பாத்தேன், துட்டு குடுத்து குரல் போன ஆள பாக்க அம்புட்டு தூரம் போணுமா, 1987ல வந்த ரெக்கார்ட நல்ல ஹெட்போன்ல கேட்டா போராதா"ன்னு கேக்கான்.

ஒண்ணு சொல்லிருகேன், சும்மா பேருக்காக போற ஆளு இல்ல நான். 2012 டிசம்பர்ல இதே பேண்டு பெங்களூர் மும்பை டெல்லின்னு வந்தப்ப நான் போகல, ஏன்னா அப்ப கிட்டார் வாசிக்க ஸ்லாஷ் அதுல இல்ல. 2016லதான் அவரும் பேஸ் வாசிக்க டஃப்பும் திரும்பி வந்து சேந்தாங்க. அதுக்கப்புறம் எப்ப இந்தியா வருவாங்கன்னு பாத்துட்டே இருந்தேன்.

குரல் எட்டலதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒண்ணு, எட்டாத இடம் வருதுன்னு கூட்டத்துல எல்லாருக்கும் தெரியும், அந்த இடம் வாறதுக்கு முன்னயே சுத்தி நிக்கவன் எல்லாம் மூச்ச இழுத்துட்டு ரெடியா நிக்கான், அவரு கைய விட்ட நோட்ட இவனுவ புடிச்சுக்கிட்டானுவ. எனக்கு வலது பக்கம் ஐடி கார்ட கூட கழட்டாம ஆபீஸ்ல இருந்து நேரா வந்த ஒரு ஆளு, கிட்டார் சோலோவ வாயாலயே வாசிக்காரு, டொய்ங் டொய்ங்னு, அதும் ஸ்லாஷுக்கு அரை செகண்ட் முன்னால. எரிச்சலா வந்துது, ரெண்டு பாட்டு கழிஞ்சப்ப நானும் அதத்தான் செஞ்சிட்டு நிக்கேன்.

சரி, நீங்க யார பாத்தீங்க, எங்க பாத்தீங்க, என்ன தோணிச்சு, சொல்லுங்க. அவனுக்கு லிங்க் அனுப்பணும்.

மார்த்தாண்டம் மிக்ஸர்:
அண்ணே வணக்கம். நான் கோயில் கொடை, சர்ச் திருவிழா, கானமேளான்னு சொல்லுற மேடை பாட்டுக் கச்சேரி எல்லாத்துக்கும் சவுண்டு பண்ணுற ஆளு. பாட்டு நல்லாருக்கா இல்லியான்னு பேச மாட்டேன், சத்தம் பத்தி மட்டும் சொல்லுகேன்.

மருமவன் போன்ல பாத்தது பாதி கச்சேரி கூட கிடையாது. போன் ஸ்பீக்கர்ல 200 ஹெர்ட்ஸுக்கு கீழ உருப்படியா ஒண்ணும் வராது. கிக் டிரம்முக்க அடி கிடக்கது 60, 70 ஹெர்ட்ஸ் பக்கம். பேஸ் கிட்டார்ல தடிச்ச கம்பிய சும்மா தட்டினா 41 ஹெர்ட்ஸ். நல்ல ஹெட்போன்ல அது கேக்கும், நான் இல்லன்னு சொல்லல, ஆனா காதோட நிண்ணுரும். கிரவுண்டுல நல்ல சப்வூபர் அடுக்கி வச்சிருந்தா அதே நோட்டு நெஞ்செலும்புல தட்டும், போட்டிருக்க சட்டை ஆடும். அத ஹெட்போன் தராது.

இன்னொண்ணு. கூட்டத்துல ஒருத்தன் போன்ல புடிக்க வீடியோ இருக்குல்ல, அம்புட்டு சத்தத்த அந்த சின்ன மைக்கு தாங்காது, தானா அமுக்கி விட்டுரும். அதுல டிரம்மும் கிட்டாரும் நசுங்கி பாடுறவருக்க குரல் மட்டும் மெலிஞ்சு தனியா நிக்கும். ‘குரல் போச்சு குரல் போச்சு’ன்னு சொல்லுறவனுவ பாதிபேரு அத கேட்டுட்டு சொல்லுகவனுவதான்.

அப்புறம் தூரம். மேடைல இருந்து 100 மீட்டர் பின்னால நிக்கவனுக்கு சத்தம் கிட்டத்தட்ட 0.3 செகண்டு லேட்டாத்தான் போய் சேரும். அதனால பெரிய கிரவுண்டுல நடுவுல டவர் நட்டு அதுல ஸ்பீக்கர் கட்டி, அந்த ஸ்பீக்கர வேணும்னே அம்புட்டு லேட் பண்ணி விடுவாங்க. அத சரியா வைக்கலன்னா நம்மூரு திருவிழால ரோடு முழுக்க குழாய் கட்டின மாதிரி ஒரே பாட்டு மூணா கேக்கும். நான் கச்சேரிக்கு போனா மேடைய பாக்க மாட்டேன், மிக்ஸர் வச்சிருக்க இடத்துக்கு பக்கத்துல போய் நிப்பேன். சத்தத்த சரி பண்ணுறவன் அங்க நின்னு கேட்டுத்தான் பண்ணுகான், அதனால கிரவுண்டுலயே அந்த இடத்துலதான் நல்லா கேக்கும். டிக்கெட்டு எந்த விலையா இருந்தாலும் இது பொருந்தும்.

ஐலண்ட் எக்ஸ்பிரஸ் 2007:
அட இந்த இழைய இப்பத்தான் பாக்கேன். 2007 மார்ச் 17 பெங்களூர் பேலஸ் கிரவுண்ட் ஐயன் மெய்டன், அதுக்கு முன்ன அம்மாம்பெரிய மெட்டல் பேண்டு எதும் நம்ம நாட்டுக்கு வந்ததே இல்லன்னு வச்சுக்கோங்க, அதுவரைக்கும் நாங்க கேசட்ல இருந்து கேசட் காப்பி பண்ணி அதுக்க காப்பிய காப்பி பண்ணி கேட்டு வளந்தவங்க, பாட்டு பாதி இரைச்சல் பாதி, எனக்கு ரொம்ப காலம் அந்த இரைச்சலும் பாட்டுல ஒரு வாத்தியம்னுதான் நெனப்பு. நாகர்கோவில்ல காலைல ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ரயில்ல ஏறினோம், எல்லாவனும் கருப்பு டீசர்ட்டு, மீன மாச பூஜைக்கு சபரிமலை நடை திறந்திருந்த சமயம், எதுத்த சீட்டு பெரியவரு எங்கள ஏற இறங்க பாத்துட்டு "சாமிமாரே செங்கன்னூர்ல இறங்கணும், தூங்கிராதீங்க"ன்னு அக்கறையா சொல்லுகாரு, நாங்களும் சரி சாமின்னுட்டோம், செங்கன்னூர் வந்தப்ப அவரு எங்கள எழுப்பி விட்டாரு பாருங்க, அத சமாளிக்க பட்ட பாடு.

பாட்டுக்கு வாறேன். மூணு கிட்டார் அந்த பேண்டுல, டேவ் மர்ரே, ஆட்ரியன் ஸ்மித், ஜானிக் கெர்ஸ். கேசட்ல கேட்டா மூணும் ஒண்ணா குழைஞ்சு கிடக்கும், எது யாருதுன்னு தெரியாது. நேர்ல பாத்தப்பத்தான் ஒருத்தர் மேல போகையில இன்னொருத்தர் கீழ புடிச்சு நிறுத்துகாருன்னு கண்ணால பாத்து காதால புரிஞ்சுகிட்டேன். ஸ்டீவ் ஹாரிஸ் பிக் இல்லாம விரலாலதான் பேஸ் வாசிப்பாரு, குதிரை ஓடுற மாதிரின்னு எல்லாரும் எழுதுவாங்க, எழுதட்டும், எனக்கு கண்ல நிக்கது அந்த வலது கை ரெண்டு விரலுதான், ஸ்கிரீன்ல பெருசா காட்டினாங்க, விரல் தனித்தனியா தெரியல, கலங்கி தெரிஞ்சுது.

அப்புறம் ஃபியர் ஆஃப் த டார்க்னு அவங்களுக்க ஒரு பாட்டு. அதுல தொடக்கத்துல கிட்டார் வாசிக்க மெட்டு இருக்கு, அதுக்கு வரியே கிடையாது. அந்த மெட்டத்தான் கூட்டம் ஓஓன்னு பாடும், எந்த நாட்டுல போட்டாலும் பாடும். கன்னடக்காரன், மலையாளி, வடகிழக்குல இருந்து ரெண்டு மூணு நாள் ரயில்ல வந்த பசங்க, நாங்க, யாருக்கும் ஒருத்தன் பேச்சு ஒருத்தனுக்கு சரியா தெரியாது, வரி இல்லாததனால பிரச்சினையே இல்ல.

குளச்சல் குசும்பன்:
எல்லாம் சரி, நீங்க துட்டு குடுத்து ஏழு மணி நேரம் நிக்கீங்க. நான் எங்க ஊரு திருவிழால ஓசில மணல்ல துண்ட விரிச்சு கட்டஞ்சாயா குடிச்சிட்டு கானமேளா கேக்கேன். அங்கயும் டிரம்ஸ் இருக்கு, பேஸ் இருக்கு, கிட்டார்காரன் முடிய சிலுப்பிட்டு சோலோ போடுகான். பத்து மணிக்கு போலீஸ் வந்து நிறுத்த சொல்லுறது வரைக்கும் செம. நீங்க பெங்களூர், மும்பைன்னு போறது பேருக்குத்தான். அங்க போய் நின்னோம்னு ஒரு போட்டோ. அம்புட்டுதான் லேய்.

வேணாட்டுக்காரி:
குசும்பன் அண்ணே, கிண்டலுக்குன்னாலும் நீங்க சொன்னதுல பாதி உண்மை. எனக்கு ராக்னா என்னன்னு தெரிஞ்சதே கானமேளாலதான். எங்க சர்ச் குவயர்ல கிட்டார் வாசிக்க அண்ணன் ஒருத்தர் இருக்காரு, காலைல ஆராதனைல கண்ண மூடிட்டு பவ்யமா வாசிப்பாரு, ராத்திரி கானமேளாலயும் அவருதான், ராஜா சார் பாட்டுக்கு நடுவுல கிட்டார் சத்தத்த கரகரப்பாக்குற டிஸ்டார்ஷன் பெடல மிதிச்சு விட்டாருன்னா சாமியார் வரைக்கும் திரும்பி பாப்பாரு. இந்த மாவட்டத்துல கிட்டார், கீபோர்டு வாசிக்கவங்கள்ல பாதிப்பேரு சர்ச்ல படிச்சவங்கதான்.

ஆனா ‘அம்புட்டுதான்’னு சொன்னது சரியில்ல. கானமேளால வாசிக்கது வேற யாரோ செஞ்ச பாட்டு. நான் திருவனந்தபுரத்துல தைக்குடம் பிரிட்ஜ் பாத்தேன். கொச்சில தைக்குடம்னு ஒரு இடம், அங்க ஒண்ணா இருந்து 2013ல தொடங்கின பேண்டு. வயலின் வாசிக்க கோவிந்த் வசந்தாதான் பின்னால 96 படத்துக்கு மியூசிக் போட்டாரு, நம்மாளுங்களுக்கு அப்படி சொன்னாத்தான் தெரியும். அவரோட அப்பா பீதாம்பரன் மேனனும் மேடைல பாடுவாரு. தலை நரைச்ச மனுசன் பாடிட்டு இருக்காரு, பக்கத்துல நிக்க பையன் தொண்டைய கிழிச்சு கத்துகான், நடுவுல வயலின். 2022ல ஒரு கன்னட படப் பாட்டு எங்க நவரசம் பாட்டு மாதிரியே இருக்குன்னு இவங்க கோர்ட்டுக்கு போனாங்கல்ல, அந்த நவரசம் நேர்ல கேட்டேன். அந்த கடைசி பாகம் வாறப்ப எனக்க சித்தி மவ கைய நான் புடிச்சிருந்தது எனக்கே தெரியல, நகம் பதிஞ்சிட்டுன்னு ஒரு வாரம் காட்டிட்டு திரிஞ்சா.

இப்ப குறை. நான் உயரம் கம்மி. ஸ்டாண்டிங் ஏரியால எனக்கு தெரிஞ்சது முதுகு, முழங்கை, தூக்கி பிடிச்ச போன். முன்னால நிண்ண சேட்டன்மாருக்க போன் ஸ்கிரீன்லதான் பாதி கச்சேரி பாத்தேன். அப்ப வீட்ல இருந்தே போன்ல பாத்திருக்கலாமேன்னு தக்கலைக்காரன் அண்ணனுக்க மருமவன் கேப்பான், கேக்கட்டும்.

அதவிட பெரிய விசயம், முடிஞ்சு வீட்டுக்கு வாறது. பயலுவளுக்கு கச்சேரி முடிஞ்சா தம்பானூர் பஸ் ஸ்டாண்டு, களியக்காவிளைல இறங்கி அடுத்த பஸ்ஸு, விடிய வீடு, அது ஒரு ஜாலி. எங்களுக்கு அப்படி இல்ல. அம்மா வச்ச கண்டிஷன்ல பாதி கச்சேரி முடியுற நேரம் பத்திதான். கடைசி ரெண்டு பாட்ட விட்டுட்டு ஓடி வந்த பொண்ணுங்க இந்த மாவட்டத்துல எத்தன பேருன்னு ஒரு இழை போட்டா இதவிட நீளமா போவும்.

கருப்பு சட்டை:
2011 அக்டோபர் 30. மெட்டாலிகா, மெட்டல் பேண்டு. அதே பேலஸ் கிரவுண்ட்.
அதுக்கு ரெண்டு நாள் முன்ன 28ம் தேதி குர்கான்ல நடக்க வேண்டியது ரத்து, கூட்டம் மேடைல ஏறி சாமானெல்லாம் ஒடச்சிட்டாங்க. நாங்க அந்நேரம் ரயில்ல. எவனோ ஒருத்தனுக்கு மெசேஜ் வருது, பெங்களூரும் போச்சுன்னு. ராத்திரி முழுக்க எவனும் தூங்கல. பாலக்காடு தாண்டின பொறவுதான் நடக்கும்னு உறுதியா தெரிஞ்சுது.

லைட்ட அணைச்சாங்க. என்னியோ மோரிக்கோனே 1966 கௌபாய் படத்துக்கு போட்ட மியூசிக் ஒண்ணு இருக்கு, 1983ல இருந்து இவங்க மேடைக்கு வாறதுக்கு முன்ன அதத்தான் போடுவாங்க. பேண்டு இன்னும் வரல. ஒருத்தனும் வாசிக்கல. வெறும் டேப்பு. அதுக்கே அழுகை வந்துட்டு எனக்கு. கேட்டா சிரிப்பீங்க.

குரல் பத்தி பேச்சு வந்ததால சொல்லுகேன். மெட்டாலிகா பல வருசமா லைவ்ல கிட்டார அரைக்கட்டை இறக்கி வச்சுத்தான் வாசிக்காங்க. பாடுற ஹெட்ஃபீல்டுக்க தொண்டைக்காக. ரெக்கார்டு கூட சேத்து கேட்டா வித்தியாசம் தெரியும். ஏமாத்துன்னு சிலபேரு சொல்லுவான். எனக்கு அப்படி தோணல. இறக்கினதால ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வாற கிட்டார் மெட்டு, இன்னும் கனமாத்தான் விழுது.

ஐலண்ட் எக்ஸ்பிரஸ் 2007:
மெய்டன் இறக்க மாட்டாங்க, அதே ஸ்ருதிலதான் இன்னும் வாசிக்காங்க, டிக்கின்சன் இன்னும் அதே உயரத்துல பாடுகாரு. 2008 டூருக்கு போயிங் 757 விமானத்த அவரே ஓட்டிட்டு வந்தாரு, பைலட்டும் பாடகரும் ஒரே ஆளு. சும்மா சொல்லணும்னு தோணிச்சு.

கருப்பு சட்டை:
ஆரம்பிச்சிட்டாரு அண்ணாச்சி.

அக்கா மவன்:
எல்லாருக்கும் வணக்கம். லிங்க் வந்துட்டு. அந்த அக்கா மவன் நான்தான்.

மாமா சொன்னத மாமாவுக்கு தோதாவே சொல்லியிருக்காரு. நான் குரல் எட்டலன்னு மட்டும் சொல்லல. நான் சொன்னது இதுதான்: நீங்க எல்லாரும் பேண்ட கேக்கல, உங்களுக்க இருவது வயச கேக்கீங்க. எல்லார் பதிலையும் பாருங்க, கேசட்டு, ரயிலு, கருப்பு சட்டை, சாமியாரு. பாட்டு பத்தி பேசினது மிக்ஸர் அண்ணன் ஒருத்தருதான், அவரும் பாட்டு பத்தி பேச மாட்டேன்னு சொல்லிட்டுதான் பேசினாரு.

எனக்கும் ஆசை இல்லாம இல்ல. 2025 ஜனவரில கோல்ட்ப்ளே பேண்டு மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் வாறாங்கன்னப்ப டிக்கெட்டுக்கு உக்காந்தேன். எனக்கு முன்னால ஆன்லைன் வரிசைல நிண்ணவங்க எண்ணிக்கைய பாத்துட்டு லேப்டாப்ப மூடிட்டேன். அப்புறம் அதே டிக்கெட்டு வெளிய என்ன விலைக்கு போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். ஜனவரி 26 அகமதாபாத் ஷோவ ஹாட்ஸ்டார்ல லைவா போட்டாங்க, ஹாஸ்டல்ல புரஜெக்டர் வச்சு பாத்தோம். கூட்டம் முழுக்க கைல கட்டியிருக்க பட்டை ஒரே நேரத்துல நிறம் மாறுது, அது மேல இருந்து எடுத்த ஷாட்ல எனக்கு முழுசா தெரிஞ்சுது, அங்க நிண்ணவனுக்கு அவனுக்க கையும் பக்கத்து கையும்தான் தெரிஞ்சிருக்கும். யாரு நல்லா பாத்தது? நீங்களே சொல்லுங்க.

தக்கலைக்காரன்:
வந்துட்டான் பாத்தீங்களா. லேய் மக்கா, நீ சொன்ன இருவது வயசு விசயம் சரிதான், நான் மறுக்கல. ஆனா அந்த வயசு எனக்கு தானா வராது, அத ரெக்கார்டு போட்டு பாத்தாச்சு, கார்ல போட்டு பாத்தாச்சு, வரல. மும்பைல வந்துது. அதுக்கு துட்டு குடுத்தா என்ன தப்பு?

இன்னொண்ணு நீ கவனிக்கல. ரெக்கார்டுல அந்த சோலோ எங்க தொடங்கும் எங்க முடியும்னு எனக்கு தெரியும், தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன். அன்னிக்கு ஸ்லாஷ் முடிக்க வேண்டிய இடத்துல முடிக்கல. கிட்டாருக்க கழுத்த வானத்த பாக்க நிமுத்தி வச்சிட்டு போய்ட்டே இருக்காரு. எப்ப இறங்குவாருன்னு எனக்கு தெரியாது, டிரம்மருக்கு தெரியுமான்னும் தெரியல, அவரும் ஸ்லாஷையே பாத்துட்டு அடிக்காரு. நாப்பது வருசமா கேட்ட பாட்டுல அடுத்து என்ன வரும்னு தெரியாம நிக்கதுன்னா என்னன்னு உனக்க ஹாட்ஸ்டார்ல கேளு பாப்போம். குரல் எட்டாததும் அதே கணக்குதான். எட்டுமா எட்டாதான்னு தெரியாம நிக்கணும்ல. யூடியூப்ல நீ பாக்கும்போது அது முடிஞ்சு போன விசயம், கீழ கமென்டுல எழுதி வச்சிருக்கான் எட்டலன்னு.

அக்கா மவன்:
சோலோ பாயிண்ட் ஒத்துக்கிடுதேன். கமென்ட நான் முதல்லயே படிச்சதும் உண்மை.

வேணாட்டுக்காரி:
தம்பி கைப்பட்டை விசயத்துல நீ சொன்னது தப்பில்ல, ஆனா மேல இருந்து பாக்குறவன் அதுல ஒரு புள்ளியா இருக்க மாட்டான்ல. நீ சொன்னதுல எனக்கு பிடிச்சது வேற, டிக்கெட் வரிசை. இங்க எல்லாரும் ரயில பத்தி பெருமையா பேசுகாங்க, ஆனா நம்ம மாவட்டத்துக்கு எந்த பேண்டும் வராதுங்கதுதான் உண்மையான வயித்தெரிச்சல். கன்னியாகுமரில கடல பாக்க நாடு முழுக்க வாறான், ஆனா ஒரு நல்ல கச்சேரிக்கு நாம திருவனந்தபுரம் போணும். கர்நாடக சங்கீதத்த ராக்ல போடுற அகம் பேண்டு, 2007 வாக்குல சன் டிவி ஊலலலா போட்டில நம்ம வீட்டு டிவிலதான் பாத்தோம், அவங்கள பாக்கவே நான் எல்லை தாண்டித்தான் போனேன்.

மார்த்தாண்டம் மிக்ஸர்:
தங்கச்சி, இங்க வச்சா சவுண்டுகாரனுக்கு ஒரு சங்கடம் இருக்கு, காத்து. ஆரல்வாய்மொழி கணவாய் காத்துல காத்தாலையே ஓடுது, நம்ம சத்தம் ஓடாதா? காத்து அடிக்க பக்கம் நிக்கவனுக்கு காது கிழியும், எதுத்த பக்கம் நிக்கவனுக்கு டிரம்ஸ்ல தட்டுற சிம்பல் சத்தமே போய் சேராது, ஒவ்வொரு வீச்சுக்கும் பாட்டு உள்ள போய் வெளிய வரும். கடற்கரைல இன்னும் மோசம். அதே நேரம் ராத்திரி தரை குளுந்து மேல காத்து சூடா இருந்தா சத்தம் மேல போகாம வளைஞ்சு கீழ இறங்கும், அதான் நாலு கிலோமீட்டர் தள்ளி கிடக்க ஊர்ல இருந்து போன் வரும், மூணாவது பாட்டு நல்லாருந்துதுன்னு ஒருத்தன், தூங்க விடுங்கடேன்னு இன்னொருத்தன்.

இன்னும் ஒரு விசயம், யாரும் சொல்லல. காது. 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் நிக்கலாம்னு கணக்கு, அதுல 3 டெசிபல் கூடினா நேரம் பாதியாயிரும். 100 டெசிபல்ல 15 நிமிசம்தான். ராக் கச்சேரில முன் வரிசைல 100 எல்லாம் சாதாரணம். உலக சுகாதார நிறுவனமும் 2022ல கச்சேரி இடங்களுக்கு 15 நிமிச சராசரி 100 டெசிபலுக்கு மேல போகக்கூடாதுன்னுதான் சொல்லியிருக்கு. மறுநாள் காதுல வண்டு ரீங்காரம் கேட்டா அது பெருமை இல்ல, எச்சரிக்கை. பஞ்சு வைக்காதீங்க, அது ஒண்ணுக்கும் ஆவாது. மெடிக்கல்ல ஃபோம் பிளக்கு கிடைக்கும், விரல்ல வச்சு ஊசி கணக்கா உருட்டி, மறு கையால காது மடல மேல இழுத்து புடிச்சு உள்ள விட்டு, உப்புறது வரைக்கும் விரல எடுக்காம வச்சிருக்கணும். பேஸ் நெஞ்சுல தட்டுறது தட்டும், அதுக்கு காது வேண்டாம்.

கருப்பு சட்டை:
2011ல யாரும் இத சொல்லித் தரலியே அண்ணே. எனக்கு இடது காதுல இன்னும் ஒரு விசில் உண்டு.

குளச்சல் குசும்பன்:
சரி லேய், ரெண்டு நாளா இத படிச்சு படிச்சு சவம் எனக்கும் ஒரு ஆசை வந்துட்டு. ஆனா ஏழு மணி நேரம் நிக்க எனக்கு முட்டு ஒத்துக்கிடாது. உக்காந்து பாக்க டிக்கெட்டு உண்டா? பேண்டு எதுன்னாலும் சரி, டிரம்ஸ் நல்லா அடிக்கணும்.

வேணாட்டுக்காரி:
திருவனந்தபுரம் கனகக்குன்னு நிசாகந்திக்கு வாங்க அண்ணே, திறந்த வெளி, படிக்கட்டு வரிசை, உக்காந்தே பாக்கலாம். தைக்குடமோ அகமோ அங்க வாறப்ப நான் இங்க போடுகேன். ஆனா டிரம்ஸ் தொடங்கின பொறவு உக்காந்திருப்பீங்களான்னு தெரியாது.

தக்கலைக்காரன்:
போடு தங்கச்சி, நானும் வாறேன். அக்கா மவனையும் இழுத்துட்டு வாறேன், டிக்கெட்டு எனக்க செலவு.

அக்கா மவன்:
மாமா டிக்கெட்டு எடுத்தா சரி. பிளக்கு நான் வாங்கிடுகேன், எல்லாருக்கும் சேத்து. குசும்பன் அண்ணனுக்கு ரெண்டு ஜோடி.